அம்மா வைத்த விளை

(நமது பங்கின் பவள விழாவையொட்டி வேளாண் குடும்பங்களுக்கென நடைபெற்ற மாலைக் கூட்டத்தில், நம் பங்கைச் சேர்ந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

விழாக் குழுவினர் என் வீட்டுக்கு வந்து, "சார், உங்கள் விளையைப் பற்றி அரைமணி நேரம் பேச வேண்டும்" என்று கேட்டபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. 32 ஆண்டுகள் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தியவன் நான். மண்வெட்டியை முறையாகப் பிடித்தது 2016-ல் ஓய்வு பெற்ற பிறகுதான். இங்கே அமர்ந்திருக்கும் உங்களுக்கு மண்ணைப் பற்றி நான் சொல்லித் தருவது, கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போன கதையாகிவிடும். ஆகவே அறிவுரை சொல்ல நான் வரவில்லை. நான் செய்த ஒரு பிழையையும், அதைத் திருத்த எடுத்துக்கொண்ட முயற்சியையும், திருத்த முடியாமற்போன பகுதியையும் உள்ளபடி சொல்ல வந்திருக்கிறேன்.

விளை இருந்த நிலை

எங்கள் வீட்டைச் சுற்றியுள்ள நிலம் 60 சென்ட். மேற்கே உயர்ந்து, கிழக்கே ஓடையை நோக்கிச் சரியும் செம்மண் பூமி. என் தந்தையார் வெளியூரில் வேலை பார்த்தவர். ஆதலால் அந்த விளையில் ஆட்சி செலுத்தியவர் என் தாயார்தான்.

மேலே அயனியும் பலாவும் மாவும் நின்றன. அவற்றுக்குக் கீழே தென்னையும் கமுகும். கமுகைப் பற்றிக்கொண்டு நல்லமிளகுக் கொடி ஏறியிருக்கும். அதற்கும் கீழே மட்டி, பேயன், செந்துளுவன், ஏத்தன் என்று வாழைகள். வெயில் விழும் இடத்தில் மரச்சீனி. நிழல் விழும் இடத்தில் சேம்பு, சேனை, மஞ்சள், இஞ்சி, கூவை. பூவரசின் மேல் ஏறவிட்ட காச்சில் கொடி. அடுக்களை வாசலில் கறிவேப்பிலை, முருங்கை, காந்தாரி மிளகாய். பிற்காலத்தில் ஒரு நாள், வகுப்பில் பிள்ளைகளுக்கு வருகைப் பதிவு எடுப்பதுபோல் அவற்றை எண்ணிப் பார்த்தேன். என் நினைவில் நின்றவை மட்டும் 41 வகை. அந்நாளில் அம்மா என்னைக் கடைக்கு அனுப்பினால், அது உப்புக்கும் மண்ணெண்ணெய்க்கும் மீனுக்கும்தான் இருக்கும்.

1994-ல் தந்தையார் காலமானார். அடுத்த ஆண்டே நான் அந்த விளையை வெட்டினேன். குலசேகரம், அருமனை, திருவட்டாறு பக்கமெல்லாம் ரப்பர் பரவி வந்த காலம் அது. என் உடன் வேலை பார்த்தவர்கள் எல்லாரும் ரப்பர் வைத்திருந்தார்கள். எனக்கோ அம்மாவின் விளை ஒழுங்கற்ற காடாகத் தெரிந்தது. மரங்கள் வரிசையில் நிற்கவில்லை. எது எவ்வளவு தருகிறது என்று கணக்கெழுதவும் முடியவில்லை. இருவர் கைகோத்தாலும் எட்டாத அயனி மரத்துக்கு விலை பேசி முடித்த அன்று, அம்மா என்னைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்கள்.

"மக்கா, வெட்டுறதுக்கு ஒரு நாள் போதும். நல்லா யோசிச்சியா?"

யோசித்துவிட்டதாகச் சொன்னேன். "சரி, கிணத்தங்கரையை மட்டும் எனக்கு விட்டிரு" என்றார்கள். ஒரு பலா நின்ற அந்த ஐந்து சென்ட் இடத்தில், அகப்பட்ட கிழங்கு விதைகளை எல்லாம் கொண்டுபோய் அவர்களே ஊன்றிக்கொண்டார்கள். மற்ற இடமெல்லாம் 1996 ஆனி மாத மழையில் ரப்பர் கன்றுகள் வரிசையாக எழுந்து நின்றன. எனக்குப் பெருமையாக இருந்தது.

ரப்பர் தந்ததும் தராததும்

பெரியோர்களே! ரப்பரை நான் பழிக்க வரவில்லை. ஏழாண்டு காத்திருந்து 2003-ல் வெட்டத் தொடங்கினோம். என் மகளின் படிப்புச் செலவுக்கு அந்தப் பால் பெரிதும் உதவியது. 2011-ல் கிலோ 200 ரூபாயைத் தாண்டி விற்றபோது, என் அறிவுக்கூர்மையை நானே மெச்சிக்கொண்டேன். 2016 தொடக்கத்தில் விலை 100 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. வெட்டுக்கூலி கொடுத்தால் மிச்சமில்லை என்று பால் வெட்டாமலே விட்ட நாள்கள் உண்டு.

இதற்கிடையில் வேறு சில மாற்றங்களும் நேர்ந்தன. அம்மா ஆண்டுதோறும் எடுப்பித்த தென்னந்தடங்களும், சரிவின் குறுக்கே இருந்த கையாலைகளும் ரப்பர் நடும்போது நிரவப்பட்டன. பெய்த மழை நிற்க இடமின்றி நேரே ஓடைக்குப் போயிற்று. சித்திரையில் கிணறு அடிமண் தெரிய வற்றியது. அதற்கு ரப்பர்தான் காரணம் என்று நான் ஆணையிட்டுச் சொல்லமாட்டேன். நான் நிரவிய தடங்கள் ஒரு காரணம் என்று மட்டும் நிச்சயமாகச் சொல்வேன்.

மற்றொன்று, சிறியதுதான். நம் கோயிலில் முதற்காய், முதற்கனி கொண்டுவந்து ஏலம் விடும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். என் சிறு வயதில் அம்மா தலையில் சுமந்து வந்த சக்கையையும் மட்டிக் குலையையும் ஏலம் கேட்கப் போட்டி நடக்கும். ரப்பர் வைத்த பிறகு நான் உறையில் பணம் வைத்துக் கொடுத்தேன். ரப்பர் ஷீட்டையா ஏலத்துக்குக் கொண்டுவர முடியும்? அம்மா மட்டும் கிணற்றங்கரையிலிருந்து ஒரு சிறு சேனையையோ இரண்டு தேங்காயையோ முந்தானையில் பொதிந்து எடுத்து வருவார்கள். நான் ஏதோ வீம்பு என்று நினைத்துக்கொண்டேன்.

ஒக்கி அடித்த நாள்

2017 நவம்பர் 30-ம் நாளை நம் மாவட்டத்தில் யாரும் மறக்க முடியாது. ஒக்கிப் புயலில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் வீடுகளை நினைக்கும்போது, விழுந்த மரங்களைப் பற்றிப் பேசவே நா கூசுகிறது. ஆயினும் சொல்ல வந்ததைச் சொல்ல வேண்டும்.

விடிந்து பார்த்தால், எங்கள் ரப்பரில் பாதிக்கு மேல் முறிந்தும் வேரோடு சாய்ந்தும் கிடந்தது. நின்றவையும் கிளை இழந்து நின்றன. ஒரே வயது, ஒரே உயரம், ஒரே இனம். ஒன்று சாய்ந்த வேகத்தில் அடுத்ததும் சாய்ந்திருந்தது. கிணற்றங்கரைப் பலா ஒரு பெருங்கிளையை இழந்து நின்றது. சூறைக்காற்றுக்கு எந்த மரமும் விலக்கன்று. பலாவும் தென்னையும் விழுந்த விளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் பல வகை இருந்த இடத்தில், மேலே இருந்தது போனாலும் மண்ணுக்குள் இருந்தது தப்பியது.

வழியெல்லாம் மரம் விழுந்து கிடந்தது. மின்சாரம் இல்லை. மூன்றாம் நாள் வீட்டில் காய்கறி என்று ஒன்றும் இல்லை. 83 வயதான அம்மா ஊன்றுகோலோடு கிணற்றங்கரைக்கு வந்து, காய்ந்து சுருண்டு கிடந்த ஒரு கொடியைக் காட்டி, "இங்க தோண்டு" என்றார்கள். தோண்டினேன். என் கை நீளத்துக்கு ஒரு காச்சில் வந்தது. இன்னும் இரண்டு இடம் காட்டினார்கள். அவித்த காச்சிலும் காந்தாரிச் சம்மந்தியுமாக, நாங்களும் அண்டையில் நான்கு வீட்டாரும் அன்று பசியாறினோம். அந்தக் கிழங்கு அங்கே இருப்பது வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 22 ஆண்டுகளுக்கு முன் அவர்கள் கேட்ட கேள்விக்கு நான் யோசிக்காமலே விடை சொல்லியிருக்கிறேன் என்பது அன்றுதான் விளங்கிற்று.

கடல் கடந்து வந்த பாடம்

2018 தொடக்கத்தில், வெளியூரில் வேலை பார்க்கும் என் மகள் ஒரு புத்தகம் அனுப்பினாள். ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே உள்ள டாஸ்மேனியாத் தீவில், பில் மாலிசன் என்ற ஆசிரியரும் டேவிட் ஹோம்கிரென் என்ற இளம் மாணவரும் உருவாக்கிய முறையைப் பற்றியது அது. அவர்களுடைய முதல் நூல் 1978-ல் வெளிவந்தது. நிலைத்து நிற்கும் வேளாண்மை என்ற பொருளில் இதற்குப் பெர்மாகல்ச்சர் என்று பெயரிட்டார்கள். காட்டுக்கு யாரும் உரமிடுவதில்லை; நீர் பாய்ச்சுவதில்லை; ஆனாலும் காடு செழிக்கிறது. அப்படியானால் மனிதனுக்கு வேண்டிய மரஞ்செடிகளைக் கொண்டே, காட்டின் ஒழுங்கில் ஒரு தோட்டம் அமைக்கலாகாதா என்பது அவர்கள் எழுப்பிய கேள்வி. மண்ணைப் பேணுதல், மக்களைப் பேணுதல், மிகுந்ததைப் பகிர்தல் என மூன்று அறங்களை அதற்கு அடிப்படையாக வைத்தார்கள்.

தொடர்ந்து படித்தபோது இன்னொன்று தெரிய வந்தது. இங்கிலாந்தில் ராபர்ட் ஹார்ட் என்பவர் உயர்ந்த மரம், சிறுமரம், புதர், செடி, தரைப்படர்வு, கிழங்கு, கொடி என்று ஏழு அடுக்குகளில் காட்டுத் தோட்டம் அமைத்துப் புகழ் பெற்றவர். அவர் தம் நூலில் கேரளத்து வீட்டுத் தோட்டங்களைச் சிறப்பித்து எழுதியிருக்கிறார். 1956 நவம்பர் 1 வரை நாமும் அந்தத் திருவிதாங்கூர்-கொச்சியோடு சேர்ந்துதானே இருந்தோம்! அந்த வீட்டுத் தோட்டத்துக்கு நம் ஊர்ப் பெயர்தான் விளை. அந்த ஏழு அடுக்கையும் விரல் விட்டு எண்ணினேன். ஏழும் அம்மாவின் விளையில் இருந்தவை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

ஆர்வத்தில் ஒரு வரைபடம் போட்டேன். வீடு நடுவில். தினம் பலமுறை எட்டிப் பார்க்க வேண்டியவை வீட்டை ஒட்டி. வாரம் ஒருமுறை போதும் என்பவை அடுத்த வட்டத்தில். ஆண்டுக்கொருமுறை அறுப்பவை கடைசியில். எல்லாவற்றுக்கும் அப்பால் மனிதன் கைவைக்காத ஒரு மூலை. புத்தகம் சொன்ன முறை இதுதான். பெருமையோடு அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்:

"மக்கா, கோழிக்கூட்டை இவ்வளவு தூரத்துல வச்சிருக்கியே, ராத்திரி மரநாய் வந்தா யாருக்குக் கேக்கும்?"

கூட்டை அடுக்களைப் பக்கம் மாற்றினேன். அன்று முதல் புத்தகம் ஒரு கையிலும் அம்மாவின் சொல் மறு கையிலுமாக வேலை நடந்தது. அம்மாவுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். ஏன் என்று கேட்டால் "அப்படித்தான்" என்பார்கள். புத்தகம் ஏன் என்று சொல்லும். எங்கள் மண்ணில் எந்த மாதத்தில், எந்த மூலையில் என்று அதற்குத் தெரியாது. எனக்கு இரண்டும் தேவைப்பட்டன.

செய்த வேலைகள்

முதலாவது, தண்ணீர். ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். 60 சென்ட் என்பது ஏறத்தாழ 2,400 சதுர மீட்டர். ஆகவே 10 மில்லிமீட்டர் மழைக்கே 24,000 லிட்டர், அதாவது இரண்டு பெரிய லாரித் தண்ணீர், என் நிலத்தில் விழுகிறது. அதை ஓட விடாமல் நடக்க வைக்க வேண்டும். நடப்பதை நிற்க வைக்க வேண்டும். விழுந்த ரப்பரின் அடிமரத்தை விற்றுவிட்டுக் கிளைகளைச் சரிவின் குறுக்கே வரிசையாகக் கிடத்தினோம். அவற்றை ஒட்டி வரப்பும் ஆழமில்லாத வாய்க்காலும் எடுத்தோம்.

இரண்டாவது, மண். 2018 மழையில், நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகச் சொல்லிச் சென்ற பலதானிய விதைப்பைச் செய்தேன். சோளம், கம்பு, உளுந்து, தட்டைப்பயறு, எள், ஆமணக்கு, சணப்பு, கொழிஞ்சி எனக் கலந்து தூவி, பூக்கும் பருவத்தில் வெட்டி அந்த மண்ணிலேயே மடக்கினோம். பிறகு வெறும் மண் வெயிலைப் பார்க்காதபடி தென்னை ஓலையும் சருகும் கொண்டு மூடாக்கு இட்டோம். முன்பெல்லாம் சருகைக் கூட்டி எரித்த குற்றவாளி நான்.

மூன்றாவது, கழிவு. அடுக்களை நீரைக் குழாயில் ஓடைக்கு விட்டிருந்தேன். இப்போது ஒரு குழியில் சருகை நிரப்பி, சுற்றிலும் வாழையும் சேம்பும் வைத்து, நீரை அதற்குள் விடுகிறோம். அம்மாவின் காலத்தில் பாத்திரம் கழுவிய நீர் வாழைக்குத்தான் போயிற்று. நான்தான் நாகரிகம் என்று சிமெண்ட் பூசி மாற்றியிருந்தேன்.

நான்காவது, அடுக்கு. விரைவில் வளரும் முருங்கை, அகத்தி, கிளைரிசிடியாவை முதலில் வைத்து நிழலும் தழையும் உண்டாக்கி, அந்த நிழலில் பலா, மா, கமுகு, மிளகு என்று நட்டோம். பெரிய மரங்கள் எழும்பியபின் முன்னவற்றை வெட்டி மூடாக்காக்கினோம்.

பட்ட அடிகள்

இவ்வளவும் தடையின்றி நடந்ததாக எண்ணிவிட வேண்டாம். முதல் ஆண்டு வாய்க்காலைக் கண் மதிப்பில் வெட்டினேன். ஒரு முனை தாழ்ந்திருந்தது. பெருமழையில் நீரெல்லாம் அங்கே சேர்ந்து வரப்பை உடைத்து, கீழே உள்ள அண்டை வீட்டாரின் மரச்சீனியை அடித்துக்கொண்டு போயிற்று. அவர் என் முகத்துக்கு நேரே நாலு வார்த்தை சொன்னார், சொன்னது நியாயம். நட்டத்தைக் கொடுத்துத் தீர்த்தேன்.

அதன் பிறகுதான் மட்டம் பார்க்கக் கற்றேன். சம நீளமுள்ள இரண்டு கம்புகளை மேலே சேர்த்துக் கட்டி, நடுவே ஒரு குறுக்குக் கம்பு வைத்தால் ஆங்கில 'ஏ' எழுத்தைப் போல் இருக்கும். உச்சியிலிருந்து கல் கட்டிய நூலைத் தொங்கவிட வேண்டும். நூல் குறுக்குக் கம்பின் சரிநடுவில் நின்றால் இரண்டு காலும் ஒரே மட்டம். மலைச்சரிவில் இதைவிட மலிவான கருவி கிடையாது. கணக்கு வாத்தியாருக்கு இது ஓர் ஆண்டு கழித்துத் தெரிந்தது! ஒன்று மட்டும் எச்சரிக்கையாகச் சொல்கிறேன்: செங்குத்தான சரிவில் நீரைத் தேக்க வேண்டாம், மண் சரிந்துவிடும்.

பப்பாளியின் அடித்தண்டோடு ஒட்டி மூடாக்கைக் குவித்ததில் எட்டு மரம் அழுகிப் போயின. நெருக்கி நட்ட மாங்கன்றுகள் ஒன்றை ஒன்று மறைத்து, பாதியைப் பிடுங்க நேர்ந்தது.

வரவு செலவு

கணக்கு வாத்தியார் கணக்குச் சொல்லாமல் இறங்கலாமா? ரப்பர் நல்ல விலைக்கு விற்ற ஆண்டுகளில் வந்த பணத்தில் பாதிகூட இந்த விளை தரவில்லை. எனக்கு ஓய்வூதியம் இருக்கிறது. அதனால் காத்திருக்க முடிந்தது. இதை மறைத்துப் பேசினால் இங்குள்ள இளங்குடும்பத்தாருக்கு நான் துரோகம் செய்தவனாவேன். அரிசி, வெங்காயம், பருப்பு, மீன் எல்லாம் இன்றும் கடையில்தான்.

ஆனால் கிழங்கும் கீரையும் தேங்காயும் மிளகும் வாழையும் முட்டையும் வாங்குவதில்லை. கன்னியாகுமரி மட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபின், குலைக்கு வீடு தேடி வந்து கேட்கிறார்கள். 2021 முதல் சித்திரையிலும் கிணற்றில் வாளி முழுகுகிறது. அந்த ஆண்டு நல்ல மழை பெய்ததையும் சொல்ல வேண்டும். முழுப் பெருமையும் என் வரப்புகளுக்கு உரியதன்று. இப்போது விளையில் 36 வகை நிற்கின்றன. இன்னும் ஐந்து குறைவு. அம்மா வைத்திருந்த இரண்டு வகைக் காச்சிலும், பெயர்கூட எனக்கு நினைவில்லாத ஒரு குட்டை வாழையும் எங்கு தேடியும் கிடைக்கவில்லை. அயனிக் கன்று ஒன்று வைத்திருக்கிறேன். அது பழைய மரத்தின் பருமனை எட்டும்போது நான் இருக்கமாட்டேன்.

ஒரு வேண்டுகோள்

ரப்பரை வெட்டிவிடுங்கள் என்று யாரையும் நான் கேட்கவில்லை. அது உங்கள் பிள்ளைகளின் படிப்பு. வீட்டைச் சுற்றிப் பத்து சென்ட், இயலாவிட்டால் இரண்டு சென்ட், விளையாக இருக்கட்டும். அடுக்களை நீர் விழும் இடத்திலிருந்து தொடங்குங்கள். அடுத்து, வீட்டில் வயதானவர்கள் இருந்தால் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர்களைக் கைப்பிடித்து விளையைச் சுற்றி வாருங்கள். எது எங்கே நின்றது, ஏன் நின்றது, விதை யாரிடம் வாங்கியது என்று கேட்டு எழுதுங்கள். நான் நான்கு ஆண்டுதான் கேட்டேன். 2022-ல் அம்மா போய்விட்டார்கள். கேட்காமல் விட்டது இன்னும் எவ்வளவோ.

பங்குத்தந்தை அவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் மழை தொடங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒவ்வோர் அன்பியமும் தங்களிடம் உள்ள கிழங்கு விதை, கொடி, கன்றுகளைக் கோயில் முற்றத்துக்குக் கொண்டுவந்து மாற்றிக்கொள்ள ஏற்பாடு செய்யலாம். எனக்குக் கிடைக்காத அந்தக் காச்சில் உங்களில் ஒருவர் வேலியோரத்தில் இருக்கக்கூடும்.

இறுதியாக ஒன்று. 2018-ல் அம்மா தம் கையால் ஒரு சக்கைக்கொட்டையை ஊன்றினார்கள். "ஒட்டுக்கன்று வைத்தால் சீக்கிரம் காய்க்கும் அம்மா" என்றேன். "நீ அதை வை, நான் இதை வைக்கேன்" என்றார்கள். அந்த மரம் 2024-ல் முதல் காய் காய்த்தது. அதை நான் தலையில் சுமந்துகொண்டு இந்தக் கோயிலுக்கு வந்ததையும், ஏலத்தில் அதை எடுத்தவர் யார் என்பதையும் நீங்கள் அறிவீர்கள். என் வாய்க்கால் உடைந்து மரச்சீனியை இழந்த அதே அண்டை வீட்டார்தான். மறுநாள் காலை பாதிச் சக்கையை அறுத்து எங்கள் வீட்டுக்கே கொடுத்தனுப்பினார். கொட்டைகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன். வேண்டுவோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெற்றுக்கொள்ளலாம்.